கப்பி வைத்த பாவாடை: 1895-இல் காப்புரிமை வாங்கிய சைக்கிள் உடையைத் தைத்துப் பார்த்த அனுபவம்

திரைச்சீலைக் கடையில் போய் இரண்டு சின்னக் கப்பி கேட்டேன். ஜன்னல் எவ்வளவு அகலம் என்றார் கடைக்காரர். ஜன்னலுக்கு இல்லை, பாவாடைக்கு என்றேன். ஒரு நொடி என்னைப் பார்த்தார். அப்புறம் உள்ளே போய், மடிந்து மடிந்து மேலேறும் ஜன்னல் திரைக்குப் போடுகிற பிளாஸ்டிக் கப்பிகளை ஒரு கைப்பிடி அள்ளிவந்து மேசையில் கொட்டினார். "எது தோதா இருக்கோ எடுத்துக்கங்க." சுண்டுவிரல் நகத்தளவு இருந்தவற்றில் நான்கு எடுத்துக்கொண்டேன். இரண்டு போதும்தான், ஆனால் என் கைராசி எனக்குத் தெரியும்.

நான் தைக்க நினைத்தது 1895-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஒரு சைக்கிள் பாவாடை. லண்டன் பிரிக்ஸ்டனில் தையல் தொழில் செய்த ஆலிஸ் பைக்ரேவ் என்ற பெண்மணியின் கண்டுபிடிப்பு அது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண நீளப் பாவாடை. உள்ளே, முன் நடுத் தையலிலும் பின் நடுத் தையலிலும் கயிறு ஓடும், கப்பி இருக்கும். கயிற்றை இழுத்தால் துணி சுருங்கி மேலேறும், விட்டால் இறங்கும். லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் கேட் ஜங்நிக்கல் என்ற சமூகவியலாளரும் அவருடைய குழுவும் இதுபோன்ற பழைய காப்புரிமைகளைத் தேடியெடுத்து, தைத்து, போட்டு ஓட்டியும் பார்த்திருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கை அரிக்க ஆரம்பித்தது. பத்து வருடமாக வீட்டில் ப்ளவுசும் சுடிதாரும் தைத்துக் கொடுக்கிறேன். தூத்துக்குடியில் மேடு பள்ளமில்லாத ரோடு. சைக்கிளும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

விக்டோரியா காலம் என்றதும் எல்லோரும் நினைப்பது எஃகு வளையம் வைத்த கூண்டுப் பாவாடையைத்தான். அது 1850-களின் கதை. நாற்பது வருடம் கழித்துக் கூண்டெல்லாம் போய், இடுப்பில் ஒட்டி, கீழே மணிபோல விரியும் கலிப் பாவாடை வந்துவிட்டது; மேலே குறுகி, கீழே அகலும் துணித்துண்டுதான் கலி. வெட்டும் முறை நம் ஆறு கலி உள்பாவாடைக்குப் பக்கத்து உறவு என்று சொல்லலாம். அதனால் வெட்டுவது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. சிக்கல் முழுக்க உள்ளே போகப்போகும் கயிற்றில்தான்.

அந்தக் கயிறு எதற்கு வேண்டியிருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய உயர்சக்கர சைக்கிள் பாவாடை கட்டியவர்கள் கிட்டேயே போக முடியாத வண்டி. 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த ரோவர் சைக்கிளில்தான் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்தன. மிதிப்பதைச் சங்கிலி பின்சக்கரத்துக்குக் கொண்டுபோனது. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். 1895 வாக்கில் லண்டன் பேட்டர்சீ பூங்காவில் பெரிய வீட்டுப் பெண்கள் கூட்டமாகச் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள். துணி மட்டும் மாறவில்லை. தரையைத் தொடும் கம்பளிப் பாவாடை, அதற்குப் பக்கத்திலேயே சுற்றும் சங்கிலி, பல்சக்கரம், ஆரக்கம்பி. இன்னொரு விஷயம் எனக்குப் பிறகுதான் உறைத்தது: அந்தக் காலத்து சைக்கிள்களில் பெரும்பாலும் ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை மிதியும் சுற்றும். துணி மாட்டினால் காலை நிறுத்தி எடுத்துவிட முடியாது. வண்டி இழுத்துக்கொண்டே போகும்.

இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா பேசாமல் முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். தாவணி போட்ட வயதில் சித்தப்பாவின் சைக்கிளை எடுத்து ஓட்டி, முந்தி சங்கிலியில் சிக்கி விழுந்த தழும்பு. ஃப்ரீவீல் இருந்தும் விழுந்தவள் அவள். 1890-களின் லேடீஸ் சைக்கிள்களில் பின் மட்கார்டிலிருந்து அச்சு வரைக்கும் நூல்கயிறு பின்னி வலைபோலக் கட்டியிருப்பார்கள், பாவாடை ஆரத்தில் போகாமலிருக்க. நம் பைக்குகளில் இருக்கும் சாரி கார்டும் அதே வேலைக்குத்தான்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதலில் காடா துணியில் ஒரு மாதிரி. இடுப்பு 30 அங்குலம், நீளம் 38, ஆறு கலி. ஒவ்வொரு கலியும் மேலே 5, கீழே 18; ஓரச் சுற்றளவு 108 அங்குலம், அதாவது சரியாக மூன்று கெஜம். வழக்கமாக ஆறு கலியில் முன் நடுவில் ஒரு முழுக் கலி வரும். எனக்கு அங்கே தையல் வேண்டும், கயிறு அதற்குள்தானே ஓட வேண்டும். அதனால் எல்லாவற்றையும் அரைக் கலி நகர்த்தி, முன் நடுவிலும் பின் நடுவிலும் தையல் வருகிறபடி இணைத்தேன். அந்த இரண்டு தையலின் உள்பக்கமும் ஓர் அங்குலப் பட்டி வைத்து அடித்தேன், பாவாடைக்கு நாடா நுழைக்கும் பட்டி மாதிரியே, ஆனால் செங்குத்தாக. ஊக்கில் கயிற்றைக் கட்டிப் பட்டிக்குள் நுழைத்து, கீழே ஓரத்துக்கு மூன்று அங்குலம் மேலே முடிந்தேன். மேலே இடுப்புப் பட்டியில் ஒரு ஐலெட், அதாவது உலோக விளிம்பு வைத்த துளை. அதன் வழியாக வெளியே எடுத்து இழுத்தேன்.

ஏறியது! நடுவில் மட்டும். பக்கங்கள் அப்படியே தொங்கின. நாடகக் கொட்டகையில் திரையை நடுவில் தூக்கிக் கட்டினதுபோல முன்னால் ஒரு வளைவு. எனக்கு ஏமாற்றம். சுற்றிலும் சமமாக ஏற வேண்டும் என்று நானாக முடிவுகட்டி, மீதி நான்கு தையலுக்கும் பட்டி அடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டு, அதே கோலத்தில் வாசலில் நின்ற சைக்கிளில் ஒரு முறை உட்கார்ந்து பார்த்தேன். உட்கார்ந்ததும் வாயடைத்துப் போனேன். முன்னால் துணி ஏறியதால் முழங்கால் மேலே வர இடம் கிடைத்தது. பின்னால் ஏறியதால் சக்கரத்துப் பக்கம் துணியே இல்லை. பக்கத்தில் தொங்கும் துணி இரண்டு காலுக்கும் இரண்டு பக்கம் மறைப்பாக விழுந்தது. ரோட்டில் நிற்பவர் சைக்கிளைப் பக்கவாட்டில்தானே பார்ப்பார்? அவர் கண்ணுக்கு இது பாவாடைதான். நான் குறை என்று நினைத்ததை அந்த அம்மாள் வேண்டுமென்றே செய்திருக்கிறார். நான்கு பட்டி வேலை மிச்சம்.

அப்புறம் கயிற்றை விட்டேன். இறங்கவில்லை.

அடுத்த பத்து நாள் இந்த ஒரு விஷயத்தோடுதான் போராட்டம். மேலே ஏற்றுவது யாருக்கும் வரும். என் கை இழுக்கிறது, துணி ஏறுகிறது. இறங்கும்போது இழுப்பதற்கு யாரும் இல்லை. துணியின் கனம்தான் கயிற்றைப் பட்டிக்குள்ளேயும் ஐலெட்டைச் சுற்றியும் திரும்ப இழுக்க வேண்டும். காடாவுக்கு அந்தக் கனம் கிடையாது. பட்டிக்குள் சுருங்கிய துணி கயிற்றை நாலாபக்கமும் கவ்விக்கொண்டது. ஐலெட்டின் விளிம்பிலும் கயிறு உரசியது. சைக்கிளை விட்டு இறங்கிய நான் முன்பக்கம் தூக்கின பாவாடையோடு நின்று, கீழே குனிந்து துணியைப் பிடித்து இழுத்துவிட வேண்டியிருந்தது. அப்படிக் குனிவதாக இருந்தால் இத்தனை ஏற்பாடும் எதற்கு?

முதலில் கயிற்றை மாற்றினேன். பாவாடை நாடா சொரசொரப்பு, உதவாது. தங்கூஸ் நரம்பு வழுக்கிக்கொண்டு ஓடியது, ஆனால் இழுக்கும்போது விரலை அறுத்தது. பருத்திப் பின்னல் கயிற்றில் தேன்மெழுகு தேய்த்தேன். முதல் நாள் அருமையாக ஓடியது. மறுநாள் மத்தியானம் கொடியில் காயப்போட்டிருந்ததை எடுத்தபோது மெழுகு இளகி, பிசுபிசுவென்று தூசியோடு துணியில் ஒட்டியிருந்தது. லண்டன் குளிரில் நின்றிருக்கும். இங்கே மே மாதம். கடைசியில் அதே திரைச்சீலைக் கடையில் மெல்லிய ப்ளைண்டு கயிறு வாங்கிவந்தேன்.

அப்போதுதான் கப்பியும் உள்ளே வந்தது. தையலின் உச்சியில், இடுப்புப் பட்டிக்குக் கீழே ஒரு கப்பி. கயிறு கீழிருந்து நேராக வந்து அதில் திரும்பி, இடுப்பைச் சுற்றிப் படுக்கைவாட்டில் ஓடி, வலப்பக்கத் தையலில் விட்ட திறப்புக்கு வரும். முன் கயிறும் பின் கயிறும் அங்கேதான் சேரும். ஐலெட்டில் மடங்கி உரசியது கப்பியில் உருண்டது. பெரிய வித்தியாசம். ஆலிஸ் பைக்ரேவின் பெற்றோர் செல்சியில் கடிகாரக் கடை வைத்திருந்தவர்கள். எடையும் கயிறும் உருளையும் வைத்து ஓடும் சுவர்க்கடிகாரங்களைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்குத்தான் பாவாடைக்குள் கப்பி வைக்கத் தோன்றும் என்பது என் சொந்த ஊகம். அண்ணியோ நாத்தனாரோ ஏதோ முறையில் வரும் ரோசினா லேன் என்ற பெண், போட்டிகளில் சைக்கிள் ஓட்டியவர். ஆக, கடிகாரமும் சைக்கிளும் தையலும் ஒரே குடும்பத்துக்குள்.

கப்பியால் ஒரு புதுத் தொல்லையும் வந்தது. கயிற்றை இழுத்துக் கட்டியதும் கப்பிக்கும் திறப்புக்கும் நடுவே இடுப்புப் பட்டி சுருங்கிக் கொசுவம் போட்டது. பெல்ட் கான்வாஸ் ஒரு மடங்கு வைத்தேன், போதவில்லை. இரண்டு மடங்கு வைத்து நெருக்கமாக நான்கு வரிசை அடித்ததும் பட்டி வளையாமல் நின்றது. ஊசி இரண்டு உடைந்தது. பாட்டி விட்டுப்போன பழைய சிங்கர் கைமெஷின் மட்டும் அந்தக் கனத்தைத் தாண்டியது. என் மோட்டார் மெஷின் நான்காவது அங்குலத்திலேயே முனகி நின்றுவிட்டது.

பட்டிக்குள் துணி கவ்வும் பிரச்சினை மட்டும் தீரவில்லை. அதற்கு நான் காப்புரிமையை விட்டு விலகினேன், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மூடிய பட்டியைப் பிரித்துவிட்டு, ஜன்னல் திரையில் செய்வதுபோல நான்கு அங்குலத்துக்கு ஒரு வளையம் வைத்தேன். கயிறு வளையங்கள் வழியாக ஓடும். இழுத்தால் துணி மடிப்பு மடிப்பாக அடுக்கிக்கொள்ளும். கவ்வுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் வளையத்தை எதில் தைப்பது? துணியிலேயே தைத்தால் வெளியே புள்ளி புள்ளியாகத் தெரியும். தையலுக்கு உள்ளே விட்டிருக்கும் அரை அங்குலத் துணியில் மட்டும், வெளித்துணியைத் தொடாமல் கையால் முடிந்தேன். ஒரு தையலுக்கு ஏழு, மொத்தம் 14 வளையம். ஒவ்வொன்றாக முடித்து, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தெரிந்தால் பிரித்து. கண் நொந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் எனக்கு எரிச்சலும் வந்தது. கணக்குப் பார்த்தேன்: பாவாடை வெட்டி இணைக்க ஒரு நாள். கயிறும் கப்பியும் ஓடவைக்க, தப்பையெல்லாம் சேர்த்து ஒரு வாரம். இதெல்லாம் வெளியே தெரியாமல் மறைக்க மட்டும் மூன்று முழு நாள். பேசாமல் ஒரு கால்சட்டை தைத்திருந்தால் ஒரே மத்தியானத்தில் முடிந்திருக்கும். 1890-களிலும் கால்சட்டை தைக்கத் தெரியாமலா இருந்தார்கள்? தைத்தார்கள், போட்டார்கள். போட்டுக்கொண்டு வெளியே போனவர்களுக்கு என்ன நடந்தது என்பதுதான் விஷயம்.

1893-இல் பிரைட்டனைச் சேர்ந்த டெஸ்ஸி ரெனால்ட்ஸ் என்ற 16 வயதுப் பெண் அங்கிருந்து லண்டனுக்குப் போய்த் திரும்பினாள். சுமார் 120 மைல், எட்டரை மணி நேரம், ஆண்கள் சைக்கிளில், முழங்கால் வரையிலான நிக்கர்பாக்கர் போட்டு. அந்த வேகத்தை விட்டுவிட்டு உடையைப் பற்றித்தான் பத்திரிகைகளில் அமளி. 1897-இல் பெண்களுக்குப் பட்டம் கொடுப்பதா வேண்டாமா என்று கேம்பிரிட்ஜில் வாக்கெடுப்பு நடந்த அன்று, எதிர்த்த மாணவர்கள் தெருவுக்கு மேலே ஒரு கொடும்பாவியைத் தொங்கவிட்டார்கள்: சைக்கிளில் உட்கார்ந்த பெண், காலில் நிக்கர்பாக்கர். படித்த பெண்ணைக் கேலி செய்ய அவர்களுக்கு அந்த உடைதான் கைக்கு வந்தது. தீர்மானம் தோற்றது; கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்க 1948 ஆனது.

ஹார்பர்ட்டன் சீமாட்டியின் கதை இன்னும் சுவாரசியம். 1881-இல் லண்டனில் தொடங்கிய பகுத்தறிவு உடைச் சங்கத்தின் முன்னணி ஆள் அவர். இறுக்கும் கார்செட் வேண்டாம், நடக்கவிடாத கனம் வேண்டாம் என்பது சங்கத்தின் கொள்கை. உள்ளாடைகள் மொத்தம் 7 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்றுகூட வரம்பு வைத்தார்கள். அதாவது மூன்று கிலோவுக்கும் மேல், உள்ளே போடுவது மட்டும்! அதுவே சீர்திருத்தம் என்றால் அதற்கு முன்னால் என்ன கனத்தைச் சுமந்திருப்பார்கள் என்று யோசியுங்கள். 1898 அக்டோபரில் அவர் சரே மாவட்டம் ஆக்கம் ஊரில் ஹாட்பாய் என்ற விடுதிக்குச் சைக்கிள் உடையோடு, அகலமான கால்சட்டையோடு, மதியச் சாப்பாட்டுக்குப் போனார். விடுதி நடத்திய பெண்மணி, காபி அறையில் இந்த உடையோடு உட்கார முடியாது, வேண்டுமானால் மது அருந்தும் பக்கத்து அறையில் சாப்பிடலாம் என்றார். சைக்கிள் ஓட்டிகளின் சங்கம் வழக்குத் தொடுத்தது. 1899 ஏப்ரலில் ஜூரிகள் விடுதிக்காரர் குற்றவாளியில்லை என்றார்கள். வேறொரு அறையில் சாப்பாடு தருவதாகச் சொன்னாரே, மறுக்கவில்லையே என்பது வாதம்.

சீமாட்டி அன்றைக்கு ஆலிஸ் பைக்ரேவின் பாவாடையைப் போட்டிருந்தால் வாசலிலேயே கயிற்றை விட்டுவிட்டு, உள்ளே போய் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கலாம். ஆனால் அப்படிச் சாப்பிட்டிருந்தால் வழக்கு கிடையாது, பத்திரிகையில் சண்டை கிடையாது, நூறு வருடம் தாண்டி நான் இங்கே எழுதிக்கொண்டிருக்கவும் மாட்டேன். அது சீமாட்டிக்குக் கட்டுப்படியான சண்டை. தினமும் வாடிக்கையாளர் வீட்டு வாசலேற வேண்டிய தையற்காரப் பெண்ணுக்கு அது கட்டுமா? எனக்குக் கட்டாது. வளையம் முடிந்துகொண்டே இதையெல்லாம் நினைத்தபோது எரிச்சல் கொஞ்சம் தணிந்தது.

ஆலிஸ் பைக்ரேவுக்கு இது வெறும் உடுத்துகிற விஷயமாகவும் இருக்கவில்லை, வியாபாரம். மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள இங்கிலாந்தில் 1882-இல்தான் முழுதாகச் சட்டம் வந்தது. அடுத்த வருடம் காப்புரிமைக் கட்டணமும் குறைந்தது. அதற்குப் பிறகு சைக்கிள் மோகம். பெண்கள் வரிசையாகச் சைக்கிள் உடைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். பைக்ரேவின் பாவாடையை ஜேகர் நிறுவனம் எடுத்து விற்றது. உடம்பில் கம்பளிதான் படவேண்டும், பருத்தி ஆகாது என்று சொன்ன ஜெர்மானியர் குஸ்தாவ் ஜேகரின் கொள்கையைக் கடையாக்கிய நிறுவனம் அது. காடாவில் மாதிரி தைத்த என்னை உள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள். 1896-இல் காப்புரிமை வாங்கியவர்களில் ஹென்ரியட்டா முல்லர் என்பவரும் உண்டு. பெண்களுக்காகப் பத்திரிகை நடத்தியவர், பின்னால் விவேகானந்தருக்கு பேலூர் மடத்துக்கு நிலம் வாங்கப் பணம் கொடுத்தவர். அவர் ஒரு பாவாடையோடு நிறுத்தாமல் சைக்கிளுக்கென்று முழு செட்டே வடிவமைத்தார். அதைத் தைக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

காடா மாதிரி ஒத்துவந்ததும் கட் பீஸ் கடையில் கம்பளி கலந்த சூட்டிங் துணி இரண்டரை மீட்டர் வாங்கினேன், 58 அங்குல அகலம், கருஞ்சாம்பல். கலிகளை மேலும் கீழுமாக மாற்றிப்போட்டு வெட்டியதால் மீதமும் கொஞ்சம் இருந்தது. உள்ளே போடும் நிக்கர்பாக்கரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மீதமிருந்த காடாவில் அகலமான அரைக்கால்சட்டை, முழங்காலுக்குக் கீழே பட்டி, பொத்தான். கார்செட் தைக்கவில்லை. அந்தக் காலத்தில் சைக்கிளுக்கென்றே இடுப்பில் எலாஸ்டிக் வைத்த கார்செட் விற்றிருக்கிறார்கள். விற்றவர்கள் விற்கட்டும்.

சூட்டிங் துணியின் கனத்தில் பாவாடை பாதி தூரம் தானாகவே இறங்கியது. மீதிப் பாதிக்கு ஈயம். கடற்கரை ரோட்டில் வலைச் சாமான் விற்கும் கடையில், வலையின் கீழ்க்கயிற்றில் கோர்க்கும் ஈயக் குண்டு வாங்கினேன். சுத்தியால் தட்டித் தட்டையாக்கி, சின்னத் துணிப் பையில் போட்டுத் தைத்து, ஓர மடிப்புக்குள் வைத்தேன். விக்டோரியா காலத்துப் பெண்கள் கடலில் குளிக்கும் உடையின் ஓரத்திலும் ஈயத்தை வைத்துத் தைத்திருக்கிறார்கள், தண்ணீரில் துணி மிதந்து ஏறாமலிருக்க. நான் முன் நடுவில் ஆறு, பின் நடுவில் நான்கு வைத்தேன். இங்கே கச்சான் காற்று அடித்தால் கொடியில் இருக்கும் போர்வையே பறக்கும். ஈயம் அதற்கும் உதவும் என்று ஒரு கணக்கு. ஈயத்தைத் தொட்டால் சாப்பிடுவதற்கு முன் கையை நன்றாகக் கழுவ வேண்டும். தட்டும்போது தூள் பறக்கவிடக்கூடாது. வாசலில் பழைய பேப்பர் விரித்துத்தான் தட்டினேன்.

கயிற்றைக் கட்டி நிறுத்த, திறப்புக்கு உள்ளே ஒரு பெரிய கோட் பொத்தான். இழுத்து இரண்டு சுற்று சுற்றினால் நிற்கும். ஒரு சுண்டு சுண்டினால் அவிழும். முதலில் ஸ்கூல் பையில் வரும் ஸ்பிரிங் ஸ்டாப்பர் வைத்தேன், அது பிடிக்கும்போது நன்றாகப் பிடித்தது, விடும்போது இரண்டு கை கேட்டது. ஒரு கையில் ஹேண்டில்பார் இருக்கும் என்பதை மறந்துவிட்டேன். திறப்புக்குப் பக்கத்தில் போனுக்கு ஒரு பாக்கெட்டும் வைத்தேன். அது காப்புரிமையில் இல்லை, என் பேராசை.

சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். பாவாடை, ஈயம், கப்பி எல்லாம் சேர்த்து ஒரு கிலோ 350 கிராம். பகுத்தறிவு உடைச் சங்கத்தார் பார்த்தால் தலையாட்டியிருப்பார்கள்.

அம்மாவைக் கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, வாசலில் நடந்து காட்டினேன். கயிறு தெரிகிறதா?

"கயிறு தெரியல. பின்னாடி நடுவுல என்னமோ சொருகின மாதிரி மேடா இருக்குளா."

கப்பி. பின்பக்கக் கப்பி இடுப்பு வளைவில் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. அதை முக்கால் அங்குலம் கீழே இறக்கி, மேலே ஒரு சின்ன டக் பிடித்து மறைத்தேன். மறுபடி நடை. "இப்ப சரி. நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த வெயிலுக்கு இது தேவையா?" நியாயமான கேள்வி.

காலை ஆறு மணிக்கு, காற்று கிளம்புவதற்கு முன், கிளம்பினேன். இரண்டு கயிற்றையும் சேர்த்து இழுத்துப் பொத்தானில் சுற்றினேன். முன்பக்கம் 14 அங்குலம் ஏறியது, பின்பக்கம் கொஞ்சம் குறைவு. ஏறி உட்கார்ந்து மிதித்தேன். முதல் நூறு அடி முழுக்கக் கீழேயே பார்த்துக்கொண்டு ஓட்டினேன், சங்கிலியில் துணி போகிறதா என்று. போகவில்லை. அப்புறம் நிமிர்ந்தேன். முழங்கால் ஏறி இறங்க எந்தத் தடையும் இல்லை. பக்கத்துத் துணி காற்றில் லேசாக அடித்துக்கொண்டது. உப்பளத்து ரோடு வரைக்கும் போய்த் திரும்பினேன், ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர். வியர்வையில் காடா தொடையோடு ஒட்டியது உண்மை. துணி ஒரு தடவைகூட மாட்டவில்லை என்பதும் உண்மை. ஒரே ஒரு இடத்தில், பழக்கத்தில் மிதிப்பதை நிறுத்தி உருளவிட்டபோது, ஃப்ரீவீல் இல்லாத வண்டியில் இது முடியாது என்று நினைவு வந்தது. அந்தப் பயத்தோடு ஓட்டிப் பார்க்க என் வண்டி தோதுப்படாது.

திரும்பும்போது டீக்கடையில் நிறுத்தினேன். உண்மையான சோதனை இதுதானே. வண்டியை விட்டு இறங்குவதற்கு முன், இடது கை ஹேண்டில்பாரில், வலது கையைத் திறப்புக்குள் விட்டுப் பொத்தானில் இருந்த கயிற்றைச் சுண்டினேன். முன்பக்கம் மொத்தமும் ஒரே மூச்சில், ஈயம் செருப்பில் தட்டுகிற சத்தத்தோடு இறங்கியது. கடையில் நான்கு பேர் இருந்தார்கள், ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. ஸ்டாண்டு போட்டு, நிமிர்ந்து, ஏதோ தினமும் கம்பளிப் பாவாடையில் டீ குடிக்க வருகிறவள்போல நடந்துபோய், "ஒரு டீ, சர்க்கரை கம்மியா" என்றேன்.

கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே மெதுவான குரலில் சொன்னார்: "அக்கா, பின்னாடி தூக்கியிருக்கு பாருங்க."

பின்பக்கத்துக்கு இன்னும் நான்கு ஈயக் குண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.